மலையிலிருந்து வைகைக் கரைக்கு: ஒரு மதுரை மரபுப் பயணச் சேவை பற்றிய மதிப்புரை

கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு இரண்டு நாள் மரபுப் பயணம் அழைத்துச் செல்லும் ஒரு சிறிய சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. மலையில் வாழும் நமக்கு மதுரை புதிய ஊர் அன்று. பெரிய மருத்துவமனைக்கும், கல்யாணத்துக்குப் பட்டெடுக்கவும், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கவும் காலங்காலமாக நாம் இறங்கிச் செல்லும் ஊர் அது. 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை நமக்கு மாவட்டத் தலைநகரமும் அதுவே. ஆனால் போன வேலை முடிந்ததும் வத்தலக்குண்டு வழிப் பேருந்தைப் பிடித்துத் திரும்பிவிடுகிறோமே தவிர, அந்த நகரத்தை நின்று நிதானமாகப் பார்த்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. பாண்டியர், சுல்தான்கள், விஜயநகரத்தார், நாயக்கர், கிழக்கிந்தியக் கம்பெனியார், ஐரோப்பியப் பாதிரியார்கள், அமெரிக்க மிஷனரிகள் என்று அடுத்தடுத்து வந்தவர்கள் ஒருவர் கட்டியதன் பக்கத்தில் மற்றொருவர் கட்டி, ஒருவர் வழக்கத்தை மற்றொருவர் தமதாக்கிக்கொண்டு உருவாக்கிய ஆற்றங்கரை நகரம் மதுரை. அந்தக் கலப்பைக் கட்டடங்களையும் தெருக்களையும் கொண்டே விளக்கிக் காட்டுவதுதான் இந்தச் சேவையின் நோக்கம். அதில் அவர்கள் பெருமளவு வெற்றி பெற்றிருக்கிறார்கள் என்பது என் மதிப்பீடு. இரண்டாம் நாள் ஏற்பாடுகளில் மட்டும் திருத்த வேண்டியவை சில உள்ளன.

இதை நடத்துபவர்களுக்குப் பெயர்ப்பலகையோ அலுவலகமோ கிடையாது. கணவனும் மனைவியுமாக இருவர், ஒரு வேன், மதுரையில் ஒரு வழிகாட்டி, இவ்வளவுதான். பள்ளி ஆசிரியர்கள், தங்கும் விடுதி வைத்திருப்பவர்கள் ஆகியோர் மூலம் வாய்வழியாகவே ஆட்கள் சேருகிறார்கள். ஒரு பயணத்துக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. கட்டணம் ஒருவருக்கு 4,200 ரூபாய். வேன், ஓரிரவுத் தங்கல், உணவு, நுழைவுச் சீட்டுகள், கையில் தரும் வரைபடம் எல்லாம் அதில் அடக்கம். மதுரைக்கு வாடகைக் கார் எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இது நியாயமான தொகை என்றே தோன்றும்.

மதுரைப் பயணத்தை இவர்கள் மதுரையில் தொடங்குவதில்லை என்பது எனக்கு முதலில் பிடித்த விஷயம். காலை ஆறு மணிக்கு ஏரிச் சாலையிலிருந்து புறப்பட்ட வண்டி, மலைப்பாதையில் டம் டம் பாறை அருகே நிறுத்தப்பட்டது. எதிரே பாறை விளிம்பிலிருந்து 297 மீட்டர் உயரம் ஒரே கோடாக இறங்கும் தலையாறு அருவியை மலைக்காரர்கள் அனைவரும் ஏறும்போதும் இறங்கும்போதும் பார்த்திருக்கிறோம். சுற்றுலா வருபவர்கள் எலிவால் அருவி என்று சொல்லிப் படமெடுத்துக்கொண்டு போவதும் தெரியும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஏற்பாட்டாளர் கேட்டபோது, எங்கள் குழுவில் பலர் பதில் சொல்லாமல் நின்றோம். அது மஞ்சளாறு. தேவதானப்பட்டிக்கு மேலே அணையில் தேங்கி, வயல்களுக்குப் பாய்ந்து, மிஞ்சியது வைகையில் சேர்கிறது. பெரியகுளம் வழியாக ஓடும் வராக நதியும் பழனி மலையில் பிறந்து வைகைக்கே போகிறது. நகரத்தின் வரலாற்றைச் சொல்வதற்கு முன் அதன் ஆற்றைச் சொல்லி, ஆற்றைச் சொல்வதற்கு முன் அதற்கு நீர் தரும் மலையைக் காட்டியது மிகச் சரியான வரிசை. சோலைக் காடுகள் குறைந்தால் மதுரையின் தெப்பக்குளம் வரை அது தெரியும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அவர் வண்டியில் ஏறினார். அந்த இடத்தில் அதற்குமேல் பேசாததும் நல்லதே.

மதுரையில் எங்களுடன் சேர்ந்துகொண்ட வழிகாட்டி, திருமலை நாயக்கர் மகால் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த இளம்பெண். வீட்டில் சௌராஷ்டிர மொழி, தெருவில் மதுரைத் தமிழ், படித்தது வரலாறு. அவர் எங்களுக்குத் தந்த வரைபடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான்காக மடித்த தடித்த தாளில் கோயிலை நடுவில் வைத்து, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி ஆகியவற்றை ஒன்றைச் சுற்றி ஒன்றாக வெவ்வேறு நிறங்களில் வரைந்திருக்கிறார்கள். வெளி வீதி தவிர மற்றவற்றில், திருவிழா நடக்கும் மாதத்தின் பெயரே தெருவின் பெயர் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். சித்திரைத் தேர் ஏன் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதிகளில் ஓடுகிறது என்பதற்கான விடை அந்தத் தாளிலேயே இருக்கிறது. மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தையும் தேரையும் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு அடுத்தடுத்து வரும்படி அமைத்தார். மாதம் மாறியது, தேரோடும் தெரு மாறவில்லை. சைவ விழாவும் வைணவ விழாவும் ஒரே மக்கள் வெள்ளத்தில் கலந்தது அப்படித்தான். வரைபடத்தில் எனக்குள்ள ஒரே குறை எழுத்தின் அளவு. அறுபது வயதைக் கடந்தவர்கள் அதைக் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை.

வெளி வீதிகளில் அவர் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி, இல்லாத ஒன்றைக் காட்டினார். விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டை மதில் அங்கேதான் இருந்தது. மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் காவல் மேடைகளான அதன் 72 கொத்தளங்களும் 72 பாளையக்காரர்களின் பொறுப்பில் இருந்தன. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், நகரம் நெரிசலில் மூச்சுவிட முடியாமல் இருப்பதைக் கண்டு, மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். அந்த வேலையைக் கவனித்த பெருமாள் மேஸ்திரியின் பெயரும், நில அளவையாளர் மாரெட்டின் பெயரும் இன்றும் தெருப் பெயர்களாக நிற்கின்றன. பிளாக்பர்னுக்கு ஊரார் நன்றியோடு நிறுத்திய விளக்குத்தூணைச் சுற்றி இன்று ஜவுளிக் கடைகள் நெருக்கியடிக்கின்றன. அதே விளக்குத்தூண் பகுதிக்கு எத்தனையோ முறை துணியெடுக்கப் போயிருக்கிற நம்மில் எத்தனை பேர் அந்தத் தூணை நிமிர்ந்து பார்த்திருப்போம்? பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே மேற்கு வாசல் பகுதியில் எஞ்சி நிற்கும் கொத்தளத் துண்டையும், கோயிலின் கிழக்கே பாண்டியர் கோட்டையின் மிச்சமாக நிற்கும் விட்டவாசலையும் அடுத்தடுத்துக் காட்டியதால், ஓர் அரசின் ஊர் எல்லை எங்கே முடிந்தது, அடுத்த அரசு அதை எவ்வளவு தூரம் விரித்தது என்பது காலால் நடந்தே விளங்கியது.

பயணத்தின் மையம் திருமலை நாயக்கர் மகால். முதல் நாள் பிற்பகல் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருந்தார்கள். வழக்கமான சுற்றுலாக் குழுக்கள் அரை மணி நேரத்தில் படமெடுத்துக்கொண்டு வெளியேறும் இடத்தில் மூன்று மணி நேரம் செலவிட்டது வீண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1636-இல் எழுந்த இந்த அரண்மனையில் இன்று நாம் பார்ப்பது ஒரு பகுதி மட்டுமே. சொர்க்க விலாசமும் நாடகசாலையும் இருக்கின்றன, ரங்க விலாசம் போய்விட்டது. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இதன் பெரும்பகுதியைப் பிரித்தெடுத்துக் கொண்டுபோனார். எஞ்சியதும் சிதைந்துகொண்டிருந்த நிலையில், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்க்கச் செய்தார். பின்னர் நெடுங்காலம் இங்கே நீதிமன்றம் இயங்கியது. ஒரு கட்டடம் பிழைத்திருப்பதற்கு அதைக் கட்டியவரைப் போலவே செப்பனிட்டவரும் காரணம் என்பதை வழிகாட்டி வலியுறுத்திச் சொன்னார்.

முற்றத்தைச் சுற்றி நிற்கும் அந்தப் பருத்த வெள்ளைத் தூண்களைக் கண்டதும், எங்கள் குழுவில் இருந்த பூம்பாறைப் பூண்டு விவசாயியான அம்மா இரண்டு கைகளாலும் ஒரு தூணை அணைத்துப் பார்த்தார். பாதித் தூணைக்கூட அவர் கைகள் சுற்றவில்லை.

“இம்புட்டுப் பெரிய கல்லை எங்கிட்டிருந்து தாயி கொண்டாந்தாக?” என்று கேட்டார்.

“கையில படுறது கல்லு இல்லம்மா, சுண்ணாம்புக் காரை. நல்லாத் தடவிப் பாருங்க, வழவழன்னு இருக்கும்” என்று சொல்லிவிட்டு, வழிகாட்டி தன் பையிலிருந்து ஒரு மரப்பெட்டியைத் திறந்தார்.

இந்தப் பெட்டி ஒன்றுக்காகவே இந்தச் சேவையைப் பாராட்ட வேண்டும். அதில் கிளிஞ்சல், நீற்றிய சுண்ணாம்பு, சலித்த மணல், கடுக்காய், வெல்லக்கட்டி, உள்ளங்கை அளவுள்ள ஒரு வழுவழுப்பான கூழாங்கல் ஆகியவை சிறு கிண்ணங்களில் இருந்தன. சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து அரைப்பது, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை அதில் சேர்ப்பது, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவைக் கலப்பது, ஈரம் காய்வதற்குள் கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்றுவது என்று ஒவ்வொரு படியையும் பொருளைக் கையில் கொடுத்தே விளக்கினார். சிமெண்ட் பூச்சு வெப்பத்தில் வெடிப்பதையும், சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை உள்ளும் வெளியும் விட்டு நீண்ட காலம் நிற்பதையும் சொன்னபோது, எங்களுடன் வந்த கொத்தனார் ஒருவர் மலையில் பழைய பங்களாக்களைச் சிமெண்டால் பூசிக் கெடுத்த கதைகளை அங்கேயே சொல்லத் தொடங்கிவிட்டார். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்து வழிகாட்டி காத்திருந்தது அவருடைய பக்குவத்தைக் காட்டியது.

கலப்பு என்பதை இந்தக் கட்டடத்தில் எப்படிப் பார்ப்பது என்பதற்கும் அவர் ஒரு வழி சொன்னார். முதலில் தூணை மட்டும் பார்க்கச் சொன்னார். தமிழகக் கோயில் தூணுக்குரிய சதுரமும் எண்பட்டையும் பாம்புப் படம் போன்ற நாகபந்தமும் இதில் இல்லை. உருண்டு நேராக உயர்ந்து நிற்கும் அமைப்பு ஐரோப்பியத் தூண்களை நினைவூட்டுகிறது. பிறகு தூண்களை இணைக்கும் வளைவுகளைப் பார்க்கச் சொன்னார். இதழ் இதழாக மடிந்து இறங்கும் அந்த வளைவும், மேலே எழும் குவிமாடமும் இசுலாமியக் கட்டடக் கலையிலிருந்து வந்தவை. தக்காணத்துச் சுல்தான்களின் நகரங்களில் பழகிய கைகள் இங்கே வரை வந்திருக்கின்றன. அதன்பின் வளைவுக்கு மேலே சுண்ணாம்புக் காரையால் உருவங்கள் செய்த சுதை வேலையைப் பார்க்கச் சொன்னார். அங்கே யாளிகள், அன்னங்கள், கொடிக்கருக்கு, தெய்வ உருவங்கள் என்று முழுக்க முழுக்க நம் சிற்பியின் கைவரிசை. ஐரோப்பியரின் தூணில் சுல்தான்களின் வளைவை ஏற்றி, அதன் நெற்றியில் யாளியை அமர்த்தியவர்கள், எது யாருடையது என்று கணக்குப் பார்த்துக் கட்டவில்லை. அரசருக்குப் பெருமிதம் தரும் எதையும் எடுத்துக்கொண்டு, தங்கள் காரையாலும் தங்கள் சுதையாலும் ஒன்றாக்கிவிட்டார்கள். சொர்க்க விலாசத்தின் குவிமாடத்துக்குக் கீழே நின்று மேலே பார்த்தால், மர உத்தரமோ இரும்பு விட்டமோ இல்லாமல் அத்தனை பெரிய கூரை வளைவுகளின் தாங்குதலிலேயே நிற்பது தெரியும். அந்த இடத்தில் அவர் விளக்கத்தை நிறுத்திக்கொண்டு எங்களைச் சற்று நேரம் சும்மா விட்டார்.

இந்த அரண்மனையை ஓர் இத்தாலியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார் என்று பலரும் எழுதுகிறார்கள். அதை அவர் உறுதியான வரலாறாகச் சொல்லாமல், பரவலாக வழங்கும் செய்தி என்று மட்டும் குறிப்பிட்டார். அதே மூச்சில், இராபர்ட் தெ நோபிலி என்ற இத்தாலிய இயேசு சபைப் பாதிரியார் 1606-இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, தமிழும் சமஸ்கிருதமும் கற்று இங்கே வாழ்ந்தது ஐயத்துக்கு இடமில்லாத வரலாறு என்பதையும், ஆகவே அக்கால மதுரைக்கு இத்தாலி எட்டாத தொலைவில் இல்லை என்பதையும் சொன்னார். தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் பிரித்துச் சொல்லும் வழிகாட்டிகளை நான் அதிகம் கண்டதில்லை. செண்பகனூரில் 1895-இல் தொடங்கிய இயேசு சபையாரின் இருதயக் கல்லூரியைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தத் தொடர்பு உடனே பிடிபட்டது.

மகாலில் மனம் வருந்தும் காட்சியும் உண்டு. கைக்கு எட்டும் உயரம் வரை தூண்களில் பெயர்களும் இதயக் குறிகளும் ஆணியால் கீறப்பட்டிருக்கின்றன. வெள்ளையடித்து மறைத்தாலும், அதன்மேல் மறுபடியும் கீறுகிறார்கள். நானூறு ஆண்டை நெருங்கும் மெருகின்மேல் இப்படிச் செய்ய மனம் எப்படி வருகிறது என்று தெரியவில்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் இதை அங்கேயே காட்டிப் பேச வேண்டும்.

அங்கிருந்து சந்து வழியாக நடந்தால் பத்துத்தூண் வருகிறது. ரங்க விலாசத்தின் மிச்சமான அந்தக் கல்தூண்கள் இன்று வீடுகளுக்கும் துணிக்கடைகளுக்கும் நடுவே, இரு சக்கர வண்டிகள் சாய்த்து நிறுத்தப்படும் இடமாக இருக்கின்றன. அரண்மனை முதலில் எவ்வளவு பரந்திருந்தது என்பதை எந்த நூலையும்விட அந்தச் சந்து நன்றாகச் சொல்கிறது. நாயக்கர் காலத்தில் குடியேறிய சௌராஷ்டிரப் பட்டுநூல் நெசவாளர்களின் தெருக்கள் இதைச் சுற்றியே அமைந்துள்ளன. ஒரு வீட்டுத் திண்ணையில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் மூதாட்டியை அருகிருந்து பார்த்தோம். துணியை நகநுனியால் கிள்ளித் தூக்கி, நூலை நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கி, அடுத்த புள்ளிக்கு நகர்கிறார். கண் அந்தப் பக்கம் போவதே இல்லை, விரல்களே இடம் கண்டுகொள்கின்றன. சாயம் ஏறாமல் தப்பிய அந்த முடிச்சுகள்தான் பின்னர் வெள்ளைப் புள்ளிகளாக மலரும். வாங்கும்படி யாரும் வற்புறுத்தவில்லை, வழிகாட்டிக்குக் கடையில் பங்கு எதுவும் இருப்பதாகவும் தெரியவில்லை. சுற்றுலாச் சேவைகளில் இது அரிது என்பதால் குறிப்பிடுகிறேன்.

மீனாட்சியம்மன் கோயிலை மறுநாள் அதிகாலையில் வைத்திருந்தார்கள். கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை என்பதால் அதைப் பாதுகாப்பறையில் ஒப்படைக்கவும் திரும்ப வாங்கவும் நேரம் போனது. அதைக் கணக்கில் கொள்ளாததால் கோயில் பார்த்தது அவசரமாகவே முடிந்தது. 13-ஆம் நூற்றாண்டின் பாண்டியர் காலக் கிழக்குக் கோபுரத்தையும், 1559-இல் எழுந்த தெற்குக் கோபுரத்தையும் ஒப்பிட்டுக் காட்டி, அடிப்பகுதியின் கல்கட்டும் மேல்நிலைகளின் சுதையும் காலப்போக்கில் எப்படி மாறின என்று சொன்னது நன்று. நாயக்கர்களின் தளவாயாக இருந்த அரியநாத முதலியார் 1569-இல் எழுப்பிய ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள 985 தூண்களுக்கு நடுவே இன்னும் ஒரு மணி நேரமாவது தந்திருக்கலாம். 2018 பிப்ரவரியில் தீயில் சேதமடைந்த வீரவசந்தராயர் மண்டபத்துக்குப் புதிய தூண்கள் செதுக்கும் பணியைப் பற்றி அவர் பேசியது சுருக்கமாக இருந்தாலும் நெஞ்சில் நின்றது. எதிரே உள்ள புதுமண்டபத்தில் முன்பு தையல்காரர்களும் பாத்திரக்கடைகளும் புத்தகக் கடைகளும் தூண்களை மறைத்திருந்த காலத்தை நம் தலைமுறையினர் மறக்க மாட்டார்கள். கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறிய பிறகு, விசுவநாதர் முதல் திருமலை வரையிலான நாயக்க மன்னர்களின் சிலைகள் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. அதே நேரத்தில், தலைமுறை தலைமுறையாக அங்கே தைத்துக்கொண்டிருந்தவர்களின் இடமும் அந்த மண்டப வரலாற்றின் ஒரு பகுதிதான் என்று வழிகாட்டி சொன்னதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது பெரிய பிழை. காஜிமார் பெரிய பள்ளிவாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜும்ஆ தொழுகைக்கு மக்கள் திரண்டுகொண்டிருந்தார்கள். பாண்டியர் காலத்தில், 13-ஆம் நூற்றாண்டில், காஜி சையத் தாஜுதீனுக்கு அளிக்கப்பட்ட நிலத்தில் எழுந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பழம்பெரும் பள்ளிவாசலை நாங்கள் தெருவோரம் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. வழிபாட்டு நேரத்தில் பார்வையாளர்கள் ஒதுங்கி நிற்பதுதான் முறை. அதைத் திட்டமிடும்போதே யோசித்திருக்க வேண்டியவர்கள் ஏற்பாட்டாளர்கள். மதுரையின் கலப்பைக் காட்டுகிறோம் என்று அழைத்துவிட்டு, அதில் ஒரு பெரும் பகுதியை வாசலோடு நிறுத்தியது பயணத்தின் நோக்கத்துக்கே இழப்பு.

கோரிப்பாளையம் தர்கா அந்த இழப்பைச் சற்று ஈடுசெய்தது. வைகையின் வடகரையில், இரண்டு சுல்தான்களின் அடக்கத்தலத்தின்மேல் நிற்கும் அந்தக் குவிமாடம் அழகர் மலையிலிருந்து வந்த ஒரே கல்லால் ஆனது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. உள்ளே வேண்டுதலோடு அமர்ந்திருப்பவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். பாண்டியர் கொடுத்த ஊர்களின் கொடையை 1573-இல் வீரப்ப நாயக்கர் உறுதிசெய்ததைக் கூறும் கல்வெட்டு இங்கே இருக்கிறது. இதை வழிகாட்டி சொன்னபோது, எங்கள் குழுவில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவர் அதை மறுபடி சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார். தர்காவுக்குச் சற்றுத் தொலைவில்தான் அழகர் ஆற்றில் இறங்குகிறார். வண்டியூரில் அவர் தங்கும் இரவை, அவர்மேல் அன்பு கொண்ட இசுலாமியப் பெண்ணாகச் சொல்லப்படும் துலுக்க நாச்சியாரோடு இணைத்துச் சொல்லும் மக்கள் வழக்கும் இந்தக் கரையில் பிறந்ததே. 1889-இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் மேல் நின்று இவற்றையெல்லாம் ஒரே பார்வையில் காட்டியது அருமையான ஏற்பாடு. ஆனால் பிற்பகல் இரண்டு மணி வெயிலில், வாகனங்கள் உரசிச் செல்லும் நடைமேடையில், மலைக் குளிரில் பழகிய முதியவர்களைக் கால்மணி நேரம் நிற்க வைத்திருக்கக் கூடாது. கீழே ஆற்றில் தண்ணீர் ஒரு வாய்க்கால் அளவுக்கு ஓடியது, மீதியெல்லாம் ஆகாயத்தாமரையும் மணலும். கோயில் பக்கம் ஓடிய கிருதுமால் நதி கழிவுநீர்க் கால்வாயாகிவிட்டதையும் முதல் நாள் பார்த்திருந்ததால், ஆற்று நகரம் என்ற சொல்லைச் சொல்லும்போதே மனம் கனத்தது.

வடகரையில் நமக்கு மிக நெருக்கமான கட்டடம் அமெரிக்கன் கல்லூரி. 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிக் குடியேறியவர்கள் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள். மதுரையின் வெக்கையிலும் காலராவிலும் குடும்பத்தினரைப் பறிகொடுத்தவர்கள் குளிரைத் தேடி நம் மலைக்கு ஏறினார்கள். அதே மிஷன் 1881-இல் தொடங்கிய கல்லூரியின் முதன்மை மண்டபத்தை வடிவமைத்தவர் மைசூர் அரண்மனையைக் கட்டிய ஹென்றி இர்வின். செங்கல் சிவப்பும் கூர்வளைவும் கலந்த, இந்திய, இசுலாமிய, ஐரோப்பியப் பாணிகளைச் சேர்த்த அந்த இந்திய-சாரசனிக் கட்டடத்தின் முன் நின்றபோது, திருமலை நாயக்கர் செய்த கலப்பை ஏறக்குறைய முந்நூறு ஆண்டுக்குப் பிறகு ஒரு பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் வேறு காரணத்துக்காக மறுபடி செய்தார் என்று எங்களுக்குத் தோன்றியது. நாயக்கர் வெளியிலிருந்து வந்ததைத் தம் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார். இர்வின் இங்குள்ளதை எடுத்துத் தம் ஆட்சிக்கு உடையாக்கினார். இரண்டும் ஒரே நகரத்தில் இரண்டு மைல் இடைவெளியில் நிற்கின்றன. 1863-இல் நம் ஏரியை உருவாக்கிய லெவிஞ்சும் மதுரைக் கலெக்டராக இருந்தவர்தான். கொடைக்கானலின் பிறப்பே மதுரையின் வரலாற்றில் ஒரு கிளை என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால் நேரம் நெருக்கியதால் அங்கே இருபது நிமிடத்துக்கு மேல் தரவில்லை. இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி அருங்காட்சியகத்தையும் ஓட்டமும் நடையுமாகவே முடித்தோம்.

கடைசியாக வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் மாலை நேரத்தைத் தந்தார்கள். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளத்தையே திருமலை நாயக்கர் 1645-இல் குளமாக்கினார் என்றும், தோண்டும்போது கிடைத்தவரே கோயிலில் உள்ள முக்குறுணிப் பிள்ளையார் என்றும் சொல்வார்கள். பனையூர்க் கால்வாய் வழியாக வைகை நீர் வந்து குளம் நிறைந்திருந்தது. மைய மண்டபத்தின் நிழல் நீரில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு பருத்திப்பாலோடு படிக்கட்டில் அமர்ந்திருந்தோம். நேற்றுக் காலையில் புறப்பட்ட இடத்தின் தண்ணீரும் இதில் கொஞ்சம் இருக்கும் என்று பூம்பாறை அம்மா சொன்னது வழிகாட்டி சொல்லிக்கொடுக்காத வாக்கியம்.

தங்குமிடம் பற்றி: டவுன்ஹால் சாலைப் பக்கம் ஏற்பாடு செய்திருந்த விடுதி சுத்தமாக இருந்தது, ஆனால் மின்தூக்கி இல்லாமல் மூன்றாம் மாடியில் அறை தந்தார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே கேட்டுத் தரைத்தளம் வாங்கிக்கொள்ள வேண்டும். சாப்பாடு சைவமும் அசைவமும் நன்றாகவே இருந்தன, குறை சொல்ல ஒன்றுமில்லை. பங்குனி முதல் ஆவணி வரை வெயிலில் கோயில் பிராகாரத் தரையில் வெறுங்காலோடு நடப்பது நம்மால் முடியாது. ஐப்பசிக்கு மேல் மாசி வரை போவது உத்தமம். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மகாலின் மூன்று மணி நேரம் நீளமாக இருக்கும். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளையும் வரலாறு நடத்தும் ஆசிரியர்களையும் நான் தயங்காமல் அனுப்புவேன். பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் கொத்தனார்கள் அந்தச் சுண்ணாம்புப் பெட்டிக்காகவே போகலாம்.

திரும்பும் வழியில் ஏற்பாட்டாளர்களிடம் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமையைத் தவிர்க்க வேண்டும். வரைபடத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். தர்கா, அமெரிக்கன் கல்லூரி, தமுக்கம் மூன்றையும் கொண்ட வடகரைக்கு ஒரு முழுநாளை ஒதுக்க வேண்டும். முதல் இரண்டையும் உடனே ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவதற்குக் கட்டணம் கூடும் என்பதால், வடகரையைத் தனியொரு நாள் பயணமாகத் தை மாதத்திலிருந்து நடத்திப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். முன்பே இந்த இரண்டு நாள் பயணம் சென்றவர்களுக்கு அதில் முன்னுரிமை உண்டாம். நான் பெயர் கொடுத்துவிட்டேன்.